முதல் மூன்று பேருக்குக் கீழே

மே மாதம் இரண்டாம் வாரத்தில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் பஸ் ஏறினால் ஜன்னலோரமாக உட்காருங்கள். முதுநகர் தாண்டி, சிப்காட் நாற்றம் மூக்கில் ஏறி இறங்கி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகிற வழியெங்கும் பலகைகளில் பிள்ளைகளின் முகங்கள். ரெட்டைச் சடை, ரிப்பன், போட்டோக்காரர் சொன்னதற்காக மூச்சை அடக்கிக்கொண்ட கண்கள். பக்கத்தில் பிளஸ் டூ மதிப்பெண்: 594, 591, 589. ஒரு முறை எண்ணிக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கத்தில் விட்டுவிட்டேன். கணக்குத் தப்பியதால் அல்ல, வேறொன்று கண்ணில் பட்டதால். எந்தப் பலகையிலும் பெரிய படம் பிள்ளையுடையது இல்லை, தாளாளருடையது. அவர் கைகூப்பி நிற்கிறார். பிள்ளைகள் அவர் இடுப்புக்குக் கீழே தபால்தலை அளவில் வரிசை கட்டியிருக்கிறார்கள். அடியில் சிவப்புப் பட்டையில் ‘அட்மிஷன் நடைபெறுகிறது, வேன் வசதி உண்டு’, இரண்டு செல்போன் எண்கள்.

இதைப் பேச்செடுத்தால் என் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலும் என்னைப் போல வாத்தியார் வேலை பார்த்தவர்கள். அவர்கள் சொல்வதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. ஜெயித்தவனைத் தூக்கிவைத்தால்தான் மற்றவனுக்கு ரோஷம் வரும். ரேங்க்கை எடுத்தார்கள், அதோடு படிப்பில் இருந்த வேகமும் போயிற்று. மூன்றாவது, கொஞ்சம் கனமானது: சினிமாக்காரனுக்கும் கட்சிக்காரனுக்கும் கட்அவுட் வைக்கிற ஊரில், படிக்கிற பிள்ளைக்கு ஒரு பலகை வைத்தால் உனக்கு என்ன வயிற்றெரிச்சல்?

மூன்றுமே தவறு என்று நினைக்கிறேன். மூன்றாவதில் மட்டும் ஒரு துளி நியாயம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

ரேங்க் கதையை முதலில் முடித்துவிடலாம். 2017 மே மாதம், செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தபோது, பிளஸ் டூ முடிவுகள் மாநில முதலிடம், இரண்டாமிடம் எதுவும் இல்லாமல் வெளியாயின. அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்கும் அப்படியே. ஏதோ பொற்காலம் முடிந்ததுபோல இன்றும் பேசுகிறார்கள். அந்தப் பொற்காலத்தின் கடைசி நாட்கள் எப்படி இருந்தன? 2015 பத்தாம் வகுப்புத் தேர்வில் 499 வாங்கி மாநிலத்தில் முதலிடம் பிடித்தவர்கள் 41 பேர். இரண்டாமிடம் 192 பேர், மூன்றாமிடம் 540 பேர். மூன்று நாற்காலியில் 773 பேர். அன்றைக்கே ரேங்க் செத்துப்போயிருந்தது. 2017இல் இறப்புச் சான்றிதழ்தான் வழங்கினார்கள். சிங்கப்பூர் அரசு தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் பெயரை வெளியிடுவதை 2012லேயே நிறுத்தியது. ஊர் ஒன்றும் முழுகிப்போகவில்லை.

அதைவிட, நம் ஊரில் ரேங்க் உண்மையில் எங்கே போனது? மாநில முதலிடம் போய் ‘பள்ளி முதலிடம்’ வந்தது. ‘580க்கு மேல் 14 பேர்’ வந்தது. ‘சென்டம் எடுத்தோர்’ வந்தது. பிள்ளைகளை வரிசைப்படுத்த வேண்டாமென்ற துறையே மாவட்டங்களை வரிசைப்படுத்துவதை விடவில்லை. 2025 பிளஸ் டூ தேர்வில் பக்கத்து அரியலூர் 98.82 விழுக்காடு தேர்ச்சியோடு முதலிடம் என்று எல்லாத் தாள்களிலும் வந்தது. அன்றைய தினம் மற்ற மாவட்டங்களில் தலைமையாசிரியர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். மாணவன் தலையிலிருந்து எடுத்த சுமையை வாத்தியார் தலையில் வைத்தார்கள். வாத்தியார் அதை அப்படியே மாணவன் தலைக்கு மாற்றினார். சுமை எங்கும் போகவில்லை.

இனி ரோஷத்துக்கு வருவோம்.

நாற்பது பேர் உள்ள வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைப் பார்த்து வேகம் பிடிப்பவர்கள் யார்? ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் நான்கைந்து பேர். அவர்களுக்கு மே மாதப் பலகை தேவையே இல்லை, பக்கத்து பெஞ்சுக்காரன் போதும். மீதி முப்பத்தைந்து பேருக்கு அந்தப் பலகை சொல்லும் சேதி ஒன்றுதான்: இது உன்னைப் பற்றியதல்ல. ‘நீயும் முயன்றால் வரலாம்’ என்கிறோமே, அது வாத்தியார்கள் சொல்லும் பச்சைப் பொய்களில் ஒன்று. முதலிடம் ஒன்றுதான். நாற்பது பேரும் உயிரைக் கொடுத்துப் படித்தாலும் முப்பத்தொன்பது பேர் அங்கே வர முடியாது. இதை ஆறாம் வகுப்புப் பையன் விரல்விட்டுச் சொல்லிவிடுவான். 340 வாங்குகிறவனை 360க்குத் தள்ளுவது 594 வாங்கியவளின் படம் அல்ல. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கில் எந்த இடத்தில் சறுக்குகிறான் என்று பார்க்கிற ஒருவர்தான். அந்த ஒருவருக்கு எந்த ஊரிலும் பலகை வைத்து நான் பார்த்ததில்லை.

நமக்குள் ஊறிப்போன ஒரு நம்பிக்கையைக் கொரோனா வெளியே எடுத்துப் போட்டது. 2021இல் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மூன்றையும் ஐம்பது, இருபது, முப்பது என்ற விகிதத்தில் கூட்டி மதிப்பெண் போட்டார்கள். எல்லோரும் தேர்ச்சி. அந்தப் பிள்ளைகளை இன்றுவரை ‘ஆல் பாஸ் பேட்ச்’ என்று கிண்டல் செய்கிறோம். அப்பா வேலையை இழந்து, வீட்டில் ஒற்றை செல்போனை மூன்று பேர் பங்குபோட்டு, சில வீடுகளில் சாவைப் பார்த்து அந்த வருஷத்தைக் கடந்தவர்கள் அவர்கள். ஏன் கிண்டல்? யாரும் தோற்கவில்லை, அதனால் யாரும் ஜெயிக்கவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. இந்தக் கொண்டாட்டம் முழுக்க இப்படித்தான் எழும்பி நிற்கிறது. கீழே யாராவது கிடந்தால்தான் மேலே இருப்பவன் நம் கண்ணுக்குத் தெரிகிறான்.

அந்தக் கீழே கிடப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் அதில் பங்கிருக்கிறது.

பலகையில் 594ஐவிடப் பெரிய எழுத்தில் இருப்பது ‘100% தேர்ச்சி’. ஒரு பள்ளியில் நாமினல் ரோல், அதாவது தேர்வெழுதுவோர் பட்டியல், போவதற்கு முன்னால் நடந்த கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பெயர்ப் பட்டியலை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஆறு பெயர்களைச் சுழித்தார்கள். அந்த ஆறு பேரின் பெற்றோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ‘பையன் இந்த வருஷம் எழுத வேண்டாம், டுடோரியலில் சேர்த்துத் தனித்தேர்வராக எழுதட்டும், அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்’ என்றார்கள். ஐந்து பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆறாவதாக ஒரு அம்மா. முதுநகரில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறவர், கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “ஃபெயிலானா அவன்தானே ஃபெயிலாவப் போறான். ஒங்களுக்கு என்னா சார்?”

அறையில் யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். அவன் ஃபெயிலானால் 100 என்பது 98 ஆகிவிடும். 98ஐப் பலகையில் போட முடியாது. அவனுடைய தோல்வியைக்கூட அவனுக்குச் சொந்தமாக விடாமல் பறித்துக்கொள்ளும் அளவுக்கு அந்த எண்மீது எங்களுக்கு மோகம்.

இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே டிசி கொடுத்து ஓசையில்லாமல் செய்துவிடும் பள்ளிகளும் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பிராய்லர் பள்ளிகளைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. நோய்க்கு மருந்து மாற்றிப் பார்க்கிறார்கள். பலகைதான் நோய் என்று யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

2025 பிளஸ் டூ கணக்கையே பார்ப்போம். எழுதியவர்கள் சுமார் 7.92 லட்சம், தேறியவர்கள் 7.53 லட்சம், 95.03 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் தேறாதவர்கள் 39 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒரு சிறு நகரம். எழுதவே விடாமல் சுழிக்கப்பட்ட பெயர்கள் அந்தக் கணக்கிலேயே வராது.

‘மாணவர் சாதனை’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு இந்த மாவட்டத்தைச் சுற்றி வந்தால், மதிப்பெண்ணுக்கு வெளியே எவ்வளவு கொட்டிக்கிடக்கிறது! 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களையும் வழித்துக்கொண்டு போனது. மூன்று மாதத்தில் பொதுத்தேர்வு. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு படுத்தன. முப்பது வருஷ மரம் விழுந்தால் அது ஒரு போக நஷ்டமா? அடுத்த தலைமுறை வரைக்குமான வருமானம் படுத்துவிட்டது. கரண்ட் வர வாரக்கணக்கானது. மார்ச்சில் தேர்வு. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பெரியகாட்டுப்பாளையமும் விசூரும் வெள்ளத்தில் மனிதர்களை இழந்தன. புத்தகப் பையோடு வீட்டையும் இழந்த பிள்ளைகள் அடுத்த மார்ச்சில் வந்து உட்கார்ந்து எழுதினார்கள்.

தானே அடித்த வருஷம் 1200க்கு 640 வாங்கிய ஒருவனை எனக்குத் தெரியும். விழுந்த மரங்களை அறுத்து லாரியில் ஏற்றும் வேலைக்கு ஜனவரி முழுவதும் அப்பாவோடு போனவன். பிப்ரவரியில் திரும்பி வந்து, விட்ட பாடத்தையெல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிடித்தான். 640. அந்த வருஷம் பள்ளி வாசலில் தொங்கிய பலகையில் அவன் பெயர் வர வழியே இல்லை. 1150 வாங்கிய பிள்ளையின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து, ஒன்றைச் சாதனை என்றும் மற்றதை ‘சுமார்’ என்றும் எழுதுகிறோமே, அந்த அளவுகோல் எங்கே விற்கிறது என்று கேட்கிறேன்.

உடனே ஒருவர் சொல்வார்: மார்க் முக்கியமில்லை சார், ஜெயகாந்தனைப் பாருங்கள், மஞ்சக்குப்பத்தில் பிறந்து அஞ்சாங்கிளாஸோடு நின்றவர், ஞானபீடம் வாங்கினார். அந்த வாதம் எனக்கு வேண்டாம். அது பின்வாசல் வழியாக மறுபடி அதே பலகைக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. பள்ளியில் முதலிடம் வராவிட்டால் ஞானபீடமாவது வாங்கு என்கிறது. படிப்பை நிறுத்தி ஜெயகாந்தன் ஆகாதவர்கள் லட்சம் பேர். அவர்களைப் பற்றித்தான் பேச்சு.

வழிகாட்டி வேண்டுமென்றால் சிதம்பரத்திலேயே ஒருவர் இருந்தார். ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து இங்கே வந்து சேர்ந்த சுவாமி சகஜானந்தர். 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளி நடத்தினார். எந்த நந்தன் வெளியே நின்றானோ அவன் பெயரைப் பள்ளிக்கு வைத்ததிலேயே ஒரு கொள்கை இருக்கிறது. சேரிப் பிள்ளை எழுத்தறிவதே அத்துமீறல் என்று நினைத்தவர்கள் நடுவில், ஒரு பையன் வந்து பலகையில் உட்கார்ந்து, மறுநாளும் வந்தால் அதுதான் அங்கே சாதனை. அந்தப் பள்ளியின் பெருமையை எண்ணுவதற்கு யார் முதலில் வந்தான் என்று பார்க்க மாட்டோம், யாரையெல்லாம் உள்ளே விட்டது என்றுதான் பார்ப்போம். நந்தனார் பெயரில் அந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அதே ஊரில் இன்று சில பள்ளிகளின் வாசலில் ‘பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் மட்டும் பிளஸ் ஒன் சேர்க்கை’ என்று ஒட்டியிருக்கிறார்கள். வடிகட்டி எடுத்துவிட்டு, வடிந்தது தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்று மே மாதம் மார்தட்டுகிறார்கள்.

கொண்டாட்டம் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. 2023 ஜூன் 17 அன்று நடிகர் விஜய் சென்னை நீலாங்கரையில் 234 தொகுதிகளிலிருந்தும், தொகுதிக்கு முதல் மூன்று மதிப்பெண் என்ற கணக்கில், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துப் பரிசு கொடுத்தார். 600க்கு 600 வாங்கிய திண்டுக்கல் மாணவிக்கு வைர நெக்லஸ். அந்தப் பெண் தச்சர் வீட்டுப் பிள்ளை. அவள் கழுத்தில் அது ஏறியபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடலூர் மாவட்டத்தில் ஒன்பது தொகுதிகள். புவனகிரியில் நான்காம் மதிப்பெண் வாங்கியவள் அன்றைக்கு டிவி முன்னால் என்ன நினைத்திருப்பாள் என்ற எண்ணமும் கூடவே வந்தது. இது அவர் ஒருவர் செய்கிற தவறல்ல. ரோட்டரி, லயன்ஸ், நகைக்கடை, கட்சி, சாதிச் சங்கம் என்று ஊக்கப்படுத்த வருகிறவர்கள் எல்லோரும் ‘முதல் மூன்று’ என்பதற்கு மேல் யோசிப்பதில்லை. மூன்று நாற்காலி, மூன்று ஷீல்டு, சிறப்பு விருந்தினருக்கு ஒரு பொன்னாடை, ஏழரை மணிக்கு நன்றியுரை. சௌகரியமான ஏற்பாடு.

இத்தனைக்கும் இதே தமிழ்நாட்டில் மதிப்பெண் கேட்காத ஊக்கம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. நீ எத்தனையாவது என்று அது கேட்பதில்லை, தொடர்ந்து படிக்கிறாயா என்று மட்டும் கேட்கிறது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கும் ஒரு பெண்ணின் படிப்பு, பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும் கைக்காசு இல்லாமல் நிற்பதா தொடர்வதா என்பதை அந்த ஆயிரம் தீர்மானிக்கிறது. பலகையைப் பார்த்து வந்த ரோஷம் அதைச் செய்ததில்லை.

இப்போது அந்த ஒரு துளி நியாயம். கடற்கரைக் குப்பம் ஒன்றில், ஊர் நுழைவில், ஒரு பலகை பார்த்தேன். நர்சிங் படிப்பில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஊர்க்காரர்கள் காசு போட்டு வைத்தது. முழுப் பலகையிலும் அவள் படம்தான். பெயருக்குக் கீழே அப்பா பெயர், அம்மா பெயர், ‘நம் ஊரிலிருந்து’ என்று ஒரு வரி. மதிப்பெண் எங்கும் இல்லை. அந்தப் பலகையை நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக யாரும் ஏறாத படியில் ஒருத்தி ஏறினால் ஊர் துள்ளத்தான் செய்யும், துள்ள வேண்டும். கட்அவுட் வைக்கிற ஊரில் பிள்ளைக்கு ஒரு பலகை என்று என் நண்பர்கள் சொல்வது இதற்குத்தான் பொருந்தும். இந்தப் பலகை அவளை யாரோடும் ஒப்பிடவில்லை, எதையும் விற்கவில்லை, அடியில் செல்போன் எண்ணும் இல்லை. நெடுஞ்சாலைப் பலகைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

வருஷக் கடைசியில் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டால், பெரிய திட்டமெல்லாம் கைவசம் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளின் பிரிவு உபசார நாளன்று ஒவ்வொருவர் பெயரையும் முழுசாக, இனிஷியலோடு, கூப்பிட்டு மேடையேற்றுங்கள். நூற்றிருபது பேர் என்றால் ஒரு மணி நேரம் ஆகும், சிறப்பு விருந்தினர் பேச்சைக் குறைத்தால் நேரம் கிடைக்கும். முடிவுகள் வந்த பிறகு விழா எடுப்பதை விட்டு, முடிவுகளுக்கு முன்னால் எடுங்கள். யார் எத்தனை என்று தெரியாத அந்த ஒரு மாதத்தில்தான் பிள்ளைகள் எல்லோரும் சமமாக, படிப்பை முடித்தவர்களாக இருக்கிறார்கள். அப்புறம், ஜூலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஜூலையில்தான் துணைத் தேர்வு முடிவுகள் வரும். மே மாதம் ஊரே பட்டாசு வெடிக்கும்போது வீட்டுக்குள் ஒடுங்கி, உறவுக்காரர் போனுக்குப் பயந்து, ஒரே மாதத்தில் தன்னைத் திரட்டிக்கொண்டு போய் மறுபடி எழுதித் தேறுகிறவர்கள். மன உரம் என்று எதையாவது சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர் ஒருவரிடம் ஜூலையில் இதற்கு ஆர்டர் வந்ததுண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “ஆடி மாசம் அம்மன் கோயில் ஆர்டர்தான் சார்” என்றார்.

பள்ளியில் என் கடைசி வருஷம் அது. கணக்குப்பதிவியலில் போன ஒரு பையன் துணைத் தேர்வில் 52 வாங்கிவிட்டான். சாயங்காலம் மணி அடித்த பிறகு சைக்கிள் ஷெட் பக்கம் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டான். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம், உள்ளே நாலு லட்டு. எனக்குத் தாங்க முடியவில்லை. ஸ்டாஃப் ரூமில் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள், வாடா, எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று அவன் தோளைப் பிடித்தேன். அவன் ஒரு அடி பின்னால் போனான்.

“வேணாம் சார். எத்தனாவது தடவைன்னு கேப்பாங்க. நீங்க இங்கயே சாப்ட்ருங்க.”